பார்வோ: 1978இல் வந்த நாய்க்கொல்லி

நாய்களைப் பற்றி எழுதுவதற்கு ஓர் அரசியல் செய்தியாளனுக்கு என்ன அவசியம் என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நாற்பது வருடங்களுக்கும் மேலாகத் தேர்தல்களையும் ஒப்பந்தங்களையும் அவற்றின் முறிவுகளையும் பற்றியே எழுதி வந்தவன் என்ற வகையில் அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும், எனது தொழில் வாழ்க்கையின் ஆரம்பக் காலத்தில் உலகம் முழுவதையும் ஒருசேரத் தாக்கிய ஒரு கொள்ளைநோய், எமது நாட்டுப் பத்திரிகைகளின் கண்களில் ஏறக்குறைய படாமலேயே கடந்து சென்றிருக்கிறது. அந்நோய் நாய்களுக்கு வந்தது. 1978ஆம் ஆண்டில் வந்தது.

அந்த ஆண்டில் எமக்குச் செய்திகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. பெப்ரவரி 4ஆம் திகதி ஜே. ஆர். ஜெயவர்தன நாட்டின் முதலாவது நிறைவேற்று ஜனாதிபதியாகப் பதவியேற்றார். செப்டெம்பர் 7ஆம் திகதி புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது; அதே நாளில் இரத்மலானை விமான நிலையத்தில் ஏயார் சிலோன் நிறுவனத்தின் அவ்ரோ விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. நவம்பர் 23ஆம் திகதி கிழக்கைச் சூறாவளி சூறையாடியது. மட்டக்களப்பில் தென்னைகள் வரிசை வரிசையாக முறிந்து கிடந்த காட்சியைக் கண்டவர்கள் எவரும் அந்த வருடத்தில் நாய்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டிருக்க மாட்டார்கள். தொலை அச்சுப்பொறியில் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய தாள்கள் சுருள் சுருளாகத் தரையில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அமெரிக்க நாய்க் கண்காட்சிகளில் ஏதோ ஒரு மர்ம நோய் பரவுகிறது என்ற தகவல் அச்சுருள்களில் எங்கேனும் இருந்திருந்தாலும், அதை எடுத்து மொழிபெயர்க்க எந்தச் செய்தி ஆசிரியரும் முன்வந்திருக்க மாட்டார்.

நடந்தது இதுதான். 1978ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில், நாய் வளர்ப்பு நிலையங்களிலும் கண்காட்சிகளிலும் இருந்த நாய்கள் திடீரெனச் சோர்ந்து விழுந்தன. உணவை வெறுத்தன, ஓயாது வாந்தி எடுத்தன, பின்னர் இரத்தம் கலந்த, சகிக்க முடியாத நாற்றத்துடன் கூடிய வயிற்றோட்டம் ஏற்பட்டது. குட்டிகள் இரண்டு மூன்று நாட்களுக்குள் மடிந்தன. வயது முதிர்ந்த நாய்களும் தப்பவில்லை. ஏனென்றால், உலகத்தில் எந்த நாய்க்கும் இந்நோயைப் பற்றிய அனுபவம் முன்னர் இருந்ததில்லை. அதே ஆண்டில் ஜப்பானிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் இதே அறிகுறிகளுடன் நாய்கள் இறந்தன. வெளியிலிருந்து விலங்குகளைக் கொண்டுவருவதில் உலகத்திலேயே மிகக் கடுமையான கட்டுப்பாடுகளை வைத்திருந்த அவுஸ்திரேலியாவே தப்பவில்லையென்றால், ஏனைய நாடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டு பிறந்தபோது நாய் வாழும் நாடுகளில் அநேகமானவற்றை நோய் சென்றடைந்திருந்தது.

பின்னர், ஆய்வுகூடங்களில் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய இரத்த மாதிரிகளை ஆராய்ச்சியாளர்கள் தேடி எடுத்துப் பரிசோதித்தார்கள். 1970களின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட மாதிரிகள் சிலவற்றில் இந்நோய்க்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. அதற்கு முற்பட்ட மாதிரிகளில் எதுவுமே இல்லை. இப்புவியில் பல்லாயிரம் வருடங்களாக மனிதனுடன் வாழ்ந்துவந்த ஒரு பிராணிக்கு, எமது தலைமுறையின் கண் முன்னால் முற்றிலும் புதியதொரு நோய் பிறந்திருந்தது.

நோய்க்குக் காரணமான கிருமிக்கு 'பார்வோ வைரஸ்' என்று பெயர். விவிலியத்தில் பத்து வாதைகளை அனுபவித்த எகிப்தின் பார்வோன் மன்னனுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. 'பார்வுஸ்' என்றால் இலத்தீன் மொழியில் 'சிறியது' என்று பொருள். பெயருக்கேற்ப இது மிகச் சிறிய வைரஸ்களுள் ஒன்று. இதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரை நாற்பதாயிரம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு அளவினது. நாய்களில் முன்னரே, 1967இல், வேறொரு பார்வோ வைரஸ் கண்டறியப்பட்டிருந்தமையால் புதியதற்கு இரண்டாம் இலக்கம் வழங்கப்பட்டது.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகள் அளித்த விடை விசித்திரமானது. பூனைகளுக்கு வெள்ளணுக் குறைவை ஏற்படுத்திக் கொல்லும் ஒரு வைரஸ் 1920கள் முதலே அறியப்பட்டிருந்தது. அப்பூனை வைரஸும் புதிய நாய் வைரஸும் ஏறத்தாழ இரட்டையர்கள். மேலுறையில் உள்ள சில அமினோ அமிலங்களே வேறுபட்டிருந்தன. அந்தச் சில மாற்றங்கள், நாயின் உயிரணுவின் வெளிப்புறத்தில் உள்ள ஒரு வாயிலைத் திறக்கும் திறப்பாக அமைந்துவிட்டன. பூனையிலிருந்து நேரடியாக வந்ததா அல்லது காட்டு விலங்கு ஒன்றின் வழியாக வந்ததா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. தடுப்பூசித் தயாரிப்பின்போது மாசாகக் கலந்து பரவியிருக்கலாம் என்ற சந்தேகமும் அக்காலத்தில் எழுந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. (கொள்ளைநோய் ஒன்று வந்தவுடன் ஆய்வுகூடத்தை நோக்கி விரல் நீட்டும் வழக்கம் 2020இல் ஆரம்பித்ததல்ல என்பதை வாசகர்கள் கவனிக்க.)

நியூயோர்க் மாநிலத்தில் உள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பேக்கர் நிறுவனத்தில் லீலண்ட் கார்மைக்கல், மக்ஸ் அப்பெல் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் இவ்வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள். தடுப்பூசி கைக்கு வரும் வரையில் மிருக வைத்தியர்கள் பூனைகளுக்கான தடுப்பூசியையே நாய்களுக்கு ஏற்றினார்கள். இரண்டு வைரஸ்களும் நெருங்கிய உறவினர் என்பதால் அது ஓரளவு பயன் தந்தது. 1980களின் தொடக்கத்தில் வலுவிழக்கச் செய்யப்பட்ட நாய் வைரஸைக் கொண்ட தடுப்பூசி பாவனைக்கு வந்தது. புதிய நோய் ஒன்று அறியப்பட்டு மூன்று நான்கு வருடங்களுக்குள் அதற்கான தடுப்பூசி வந்தமை அன்றைய நிலையில் பெரும் சாதனையாகும்.

இதனுடன் ஒப்பிடுகையில், அதற்கு முந்தைய பெரிய நாய்க்கொல்லியான 'டிஸ்டெம்பர்' நோய்க்கு மனிதன் எவ்வளவு காலம் காத்திருந்தான் என்பதை நினைத்துப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய அந்நோயை, அம்மைப்பால் கண்டுபிடித்த அதே எட்வேட் ஜென்னர் 1809இல் விவரித்து எழுதினார். அது ஒரு வைரஸினால் வருவது என்று பிரான்சின் ஹென்றி கரே 1905இல் காட்டினார். தடுப்பு மருந்துக்கோ 1920களின் இறுதி வரையில் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 'த ஃபீல்ட்' என்ற சஞ்சிகை தனது வாசகர்களிடம் நிதி திரட்டிக்கொடுக்க, இலண்டனுக்கு அருகில் மில் ஹில்லில் லெய்ட்லோ, டன்கின் என்ற இருவர் அந்த ஆய்வை நடத்தி முடித்தார்கள். நரி வேட்டைப் பிரபுக்களின் பணமும் ஒரு சஞ்சிகை ஆசிரியபீடத்தின் முயற்சியும் சேர்ந்து ஒரு தடுப்பூசியை உருவாக்கிய கதை, பத்திரிகைத் துறையைச் சேர்ந்த என் போன்றோருக்குச் சற்றுப் பெருமை தருவது. அந்த ஆய்வில் பழகிய 'ஃபெரட்' பிராணிகளைக் கொண்டே 1933இல் மனித இன்ஃபுளுவென்சா வைரஸும் பிரித்தெடுக்கப்பட்டது. நாய்களுக்காகச் செலவிடப்பட்ட பணம் மனிதர்களுக்கும் உதவியது.

மீண்டும் பார்வோவுக்கு வருவோம். தடுப்பூசி வந்த பின்னரும் குட்டிகள் தொடர்ந்து இறந்தன, இன்றும் இறக்கின்றன. இதற்கான காரணத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் அறிந்துகொள்ளவில்லை. எமது வீட்டில் அறிந்துகொண்டேன்.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், கொழும்பின் தெற்குப் புறநகரில் உள்ள எமது வீட்டுக்கு ஏழு வாரக் குட்டி ஒன்று வந்தது. கறுப்பும் மண்ணிறமும் கலந்த, காதுகள் மடிந்த, சாதி எதுவென்று சொல்ல முடியாத குட்டி. எனது மனைவி அதற்கு வீமன் என்று பெயரிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு வீமன் இருந்த காலத்தில் வளர்ந்தவள் அவள். வந்த மூன்றாம் நாளே மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று முதல் தடுப்பூசி ஏற்றினோம். இரண்டாவதற்குத் திகதி குறித்துத் தந்தார்கள். திகதிக்கு நான்கு நாட்கள் இருந்தபோது குட்டி பாலைத் தொடவில்லை. மாலையில் வாந்தி. மறுநாள் காலையில் இரத்தம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிச் சில வருடங்களே ஆகியிருந்த இளம் வைத்தியர் ஒருவர், மூன்று நாட்கள் குட்டியின் முன்னங்காலில் ஊசி ஏற்றிச் சேலைன் கொடுத்தார். வாந்தியை நிறுத்தவும் இரண்டாவது தொற்று வராமல் தடுக்கவும் மருந்துகள் கொடுத்தார். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது என்பதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னார். மருத்துவம் செய்யாவிட்டால் பத்தில் ஒன்பது போய்விடும். செய்தால் பெரும்பாலானவை பிழைக்கும் என்றார். வீமன் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவில் இறந்தது.

"தடுப்பூசி போட்டோமே பிள்ளை?" என்று எனது மனைவி கேட்டாள். அவளது குரலில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பே இருந்தது.

"அன்ரி, அதைத் தாய்ப்பால் தடுத்திருக்கும்" என்றார் அந்த இளம் பெண்.

பின்னர் அவர் விளக்கியதை நான் பலமுறை வாசித்துச் சரிபார்த்திருக்கிறேன். பிறந்த குட்டி முதல் நாளில் குடிக்கும் கடும்புப் பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்புச் சக்தி அதன் உடலுக்குள் செல்கிறது. அந்தச் சக்தி வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். அது வலுவாக இருக்கும்போது தடுப்பூசியை ஏற்றினால், உள்ளே செல்லும் வலுவிழந்த வைரஸை அது எதிரியென்று கருதி அழித்துவிடும், ஊசி வீணாகிவிடும். ஆனால், தெருவில் இருக்கும் வலுவான வைரஸை எதிர்ப்பதற்குப் போதாத அளவுக்கு அது குறைந்துபோகும் சில நாட்கள் உண்டு. ஊசியை வேலை செய்ய விடாது, நோயையும் தடுக்காது. இந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் வரும் என்று எவராலும் வெளித்தோற்றத்தைக் கொண்டு சொல்ல முடியாது. அதனால்தான் பதினாறு வாரம் தாண்டும் வரையில் திரும்பத் திரும்ப ஊசி ஏற்றுகிறார்கள். பலர் எண்ணுவதுபோல் ஒன்றின் மேல் ஒன்றாக வலுச்சேர்ப்பதற்காக அல்ல. ஏதாவது ஒரு ஊசியேனும் அந்த இடைவெளியின் வாசலில் சரியாகப் போய் நிற்கட்டும் என்பதற்காக.

இதில் வரலாற்றின் ஒரு முரண் பொதிந்திருக்கிறது. 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் பிறந்த குட்டிகள் பலவற்றில் இவ்வைரஸ் குடலைத் தாக்குவதற்கு முன்னர் இதயத் தசையைத் தாக்கியது. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த மூன்று நான்கு வாரக் குட்டிகள் ஒரு சத்தத்துடன் சாய்ந்து இறந்தன. தாய் நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாததால் பிறந்த குட்டிகளுக்கும் எவ்விதக் கவசமும் இருக்கவில்லை. தாய்மார் நோயைக் கண்டும் ஊசி பெற்றும் எதிர்ப்புச் சக்தி அடைந்த பின்னர் அந்த இதய நோய் மிக அரிதாகிவிட்டது. அதாவது, தாய்ப்பால் இதயத்தைக் காப்பாற்றியது. அதே தாய்ப்பால்தான் ஊசியையும் வீணாக்கியது. எமது வீமனின் தாய் நல்ல ஆரோக்கியமான நாய் என்று அதைத் தந்த குடும்பத்தினர் சொல்லியிருந்தார்கள்.

குட்டியைப் புதைத்த பின்னர் வைத்தியர் எமக்கு இட்ட கட்டளைகள் ஒரு முற்றுகைக் காலத்தின் அறிவித்தல் போல் இருந்தன. அது படுத்த துணிகளை எரிக்க வேண்டும். தரையைக் கழுவித் துடைத்து, ஒன்றுக்கு முப்பது பங்கு நீர் சேர்த்த குளோரின் வெளுப்புத் திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊற விட வேண்டும். சாதாரண சவர்க்காரமும் மதுசாரமும் இதை ஒன்றும் செய்யா. (மூன்று வருடங்களின் பின்னர் கொரோனா வந்தபோது, சவர்க்காரம் அவ்வைரஸின் கொழுப்புறையைக் கரைத்துவிடும் என்று உலகமே கற்றுக்கொண்டது. பார்வோவுக்கு அப்படியோர் உறையே கிடையாது. கரைப்பதற்கு எதுவும் இல்லாததே அதன் பலம்.) சீமெந்துத் தரையைச் சுத்தம் செய்துவிடலாம், வளவு மண்ணை என்ன செய்வது? நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இது மாதக்கணக்கில், சில வேளைகளில் ஒரு வருடத்துக்கும் மேல் உயிர்ப்புடன் இருக்கும் என்றார். எமது வளவில் ஒரு பலாவும் இரண்டு மாமரங்களும் நிற்கின்றன. ஆண்டு முழுவதும் நிழல். அது தென்மேல் பருவமழை தொடங்கிய நேரம் வேறு.

"அங்கிள், ஒரு வருசத்துக்குக் குட்டி வேண்டாம்" என்றார்.

மனைவி ஒரு வருடம் என்று சொல்லவில்லை. "இனி இந்த வீட்டில் நாயே வேண்டாம்" என்றாள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து மக்கள் வெளியேறியபோது அவளுடைய பெற்றோரும் வெளியேறினார்கள். அவர்களது வீட்டு நாய் செம்மணி வெளி வரையில் சனத்தோடு சனமாக அவர்களைப் பின்தொடர்ந்து வந்து, பின்னர் நெரிசலில் காணாமற்போனது. அது எங்கே போயிருக்கும் என்று மாமியார் கடைசிக் காலம் வரையில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வேதனையை அறிந்தவள் வேண்டாம் என்று சொல்லும்போது அதற்கு எதிராக வாதாடுவதற்கு என்னிடம் சொற்கள் இருக்கவில்லை.

அந்த ஒரு வருடத்தில், தொழில் பழக்கம் காரணமாக, இலங்கையில் நாய்களின் நோய்களைப் பற்றி அரசு என்ன பதிவு செய்து வைத்திருக்கிறது என்று தேடினேன். விசர்நாய்க்கடி பற்றி நிறையவே இருக்கிறது. அந்நோய்க்கான கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடியினால் இறந்தார்கள். அவ்வெண்ணிக்கை பின்னர் சில பத்துகளாகக் குறைந்தமைக்குத் தடுப்பூசியே பிரதான காரணம். தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006இல் நிறுத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் கொள்கையாக்கப்பட்டன. ஆனால் பார்வோ மனிதருக்குத் தொற்றாது. ஆகவே, அதனால் வருடத்துக்கு எத்தனை குட்டிகள் இறக்கின்றன என்று எந்தத் திணைக்களத்துக்கும் எண்ண வேண்டிய தேவை ஏற்படவில்லை. எண்ணப்படாத மரணங்களைப் பற்றி வாழ்நாள் முழுவதும் எழுதிய எனக்கு, அந்த வெற்றுப் பத்தி நன்கு பரிச்சயமானதாகவே இருந்தது.

அவ்வாறு தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஐல் றோயல் தீவின் கதை எனது கைக்குக் கிட்டியது. பார்வோ செய்த சேதத்தை ஒருவர் விடாமல் எண்ணி வைத்திருக்கும் இடம் அது.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் உள்ள சுப்பீரியர் ஏரியில் இருக்கிறது அத்தீவு. நிர்வாக ரீதியில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. ஒன்ராறியோவின் தண்டர் பே நகரில் வாழும் எமது வாசகர்கள் எவரேனும் இருந்தால் அவர்களுக்கு அது தொலைவானதல்ல. நிரந்தரக் குடியிருப்பு இல்லாத அத்தீவு ஒரு தேசியப் பூங்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் அங்கு வந்து சேர்ந்தன; 1940களின் இறுதியில் ஏரி உறைந்திருந்த ஒரு மாரிகாலத்தில் ஓநாய்கள் பனிக்கட்டியின் மீது நடந்து வந்து சேர்ந்தன. ஓநாய் மானைத் தின்னும். மான் மரத்தைத் தின்னும். வேறு பெரிய வேட்டை விலங்கு எதுவும் இல்லை. இதைவிடத் தெளிவான இயற்கை ஆய்வுகூடம் கிடைக்காது என்பதை உணர்ந்து 1958இல் ஒரு கணக்கெடுப்பு ஆரம்பிக்கப்பட்டது. ஒவ்வொரு மாரியிலும் சிறு விமானத்தில் பறந்து ஓநாய்களை எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு பல தசாப்தங்களாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

1980இல் அங்கு 50 ஓநாய்கள் இருந்தன. 1982இல் 14 இருந்தன.

நாய்களைத் தீவுக்குக் கொண்டுசெல்வது தடை செய்யப்பட்டிருந்தது. தடையை மீறி யாரோ ஒருவர் படகில் தமது நாயைக் கொண்டு வந்திருக்க வேண்டும், அல்லது எவருடையதோ சப்பாத்தின் அடியில் வைரஸ் வந்திருக்க வேண்டும் என்று நம்பப்படுகிறது. பின்னர் பிடிக்கப்பட்ட ஓநாய்களின் இரத்தத்தில் பார்வோவுக்கான பிறபொருளெதிரிகள் இருந்தன. ஓநாயும் நாயும் ஒரே இனம். ஆகவே ஒரே வைரஸ் இரண்டையும் கொன்றது.

எனது கவனத்தை ஈர்த்தது அதற்குப் பின்னர் நடந்தது. சில வருடங்களில் வைரஸ் தீவிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால், ஓநாய்கள் பழைய எண்ணிக்கைக்கு மீளவில்லை. எஞ்சியவை சில குடும்பங்களே. அவை தமக்குள்ளேயே இனம்பெருக்கின. முதுகெலும்பு கோணலான குட்டிகள் பிறந்தன. வேட்டையாட ஓநாய் குறைந்ததால் மான்கள் பெருகித் தீவின் பச்சையையெல்லாம் தின்று தீர்த்தன. 1996இல் ஒரு கடும் மாரியில் அவற்றில் பெரும் எண்ணிக்கையானவை பட்டினியால் இறந்தன. 1997இல் ஒற்றை ஆண் ஓநாய் ஒன்று பனிப்பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்தது. புது இரத்தம் சில காலம் உதவியது. ஆனால், சில தலைமுறைகளுக்குள் தீவின் ஓநாய்கள் எல்லாமே அந்த ஒன்றின் வழித்தோன்றல்களாகிவிட, பழைய பிரச்சினை திரும்பி வந்தது. 2016 முதல் இரண்டே இரண்டு எஞ்சின. ஒன்று தந்தை; மற்றையது அதன் மகள்.

புதிய ஓநாய்களைக் கொண்டுவருவதா, வேண்டாமா என்ற விவாதம் வருடக்கணக்கில் நீடித்தது. அதை நான் வாசித்தபோது, எமது வீட்டுச் சமையலறையில் நடந்த விவாதத்தின் விரிவான பதிப்பை வாசிப்பது போலவே இருந்தது. வேண்டாம் என்றவர்களின் வாதம் இலேசானதல்ல: காட்டை அதன் போக்கில் விட வேண்டும்; ஓநாய்கள் தாமாக வந்தன, தாமாகவே மறையட்டும்; மனிதன் தலையிட்டுத் தலையிட்டே உலகத்தைக் கெடுத்திருக்கிறான். வேண்டும் என்றவர்கள், மனிதன் ஏற்கெனவே தலையிட்டுவிட்டான் என்று பதிலளித்தார்கள். வைரஸைக் கொண்டு வந்தது மனிதனின் நாய். புவி வெப்பமடைவதால் ஏரி முன்போல் உறைவதில்லை, ஓநாய்கள் தாமாக நடந்து வருவதற்குப் பாலம் இல்லை. அந்த வெப்பத்துக்கும் காரணம் மனிதனே. இரண்டாம் தரப்பின் வாதமே எனக்கு வலுவானதாகத் தோன்றியது. இழப்பில் பங்கு கொண்டவன், இழப்பின் பின்னர் மாத்திரம் ஒதுங்கி நிற்பது ஒரு வசதியான நடுநிலைமை. அத்தகைய நடுநிலைமைகளை எமது நாட்டு விவகாரத்தில் நாம் நிறையவே பார்த்திருக்கிறோம்.

2018 ஜூனில் தேசியப் பூங்காச் சேவை முடிவை அறிவித்தது. செப்டெம்பர் இறுதியில் மினசோட்டாவில் பிடிக்கப்பட்ட முதல் ஓநாய்கள் தீவில் விடப்பட்டன. 2019 செப்டெம்பர் வரையில் மினசோட்டா, மிச்சிகன், ஒன்ராறியோ ஆகிய இடங்களிலிருந்து மொத்தம் 19 ஓநாய்கள் கொண்டு வரப்பட்டன. சில இறந்தன, ஒன்று, அந்த மாரியில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியின் மீது நடந்து வந்த வழியே திரும்பிப் போய்விட்டது! எஞ்சியவை குட்டிகள் ஈன்றன. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவின் ஓநாய்கள் 30 அளவில் இருந்தன.

எமது வீட்டில் முடிவெடுப்பதற்குத் தேசியப் பூங்காச் சேவைக்கு எடுத்த அளவு காலம் எடுக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகளின் மகள், அப்போது அவளுக்கு எட்டு வயது, வளவில் இருந்த காலிக் கூட்டைக் காட்டி, "அம்மப்பா, இதுக்குள்ள ஏன் ஒருத்தரும் இல்லை?" என்று கேட்டாள். நான் எனது மனைவியைப் பார்த்தேன். அவள் பதில் சொல்லாமல் உள்ளே சென்றாள். இரண்டு நாட்களின் பின்னர், தானாகவே, "குட்டி வேண்டாம். வளர்ந்த நாய் எண்டால் பாப்பம்" என்றாள்.

அது வைத்தியரின் ஆலோசனையுடனும் பொருந்தியது. நோய் வந்த வீட்டுக்குக் குட்டியைக் கொண்டுவருவதானால், அதன் ஊசிகள் அனைத்தும் முடிந்து, இறுதி ஊசிக்குப் பின் இரண்டு வாரமாவது சென்றிருக்க வேண்டும். முழுமையாகத் தடுப்பூசி பெற்ற, வளர்ந்த நாய் அதைவிடப் பாதுகாப்பானது. மண்ணில் வைரஸ் சிறிதளவு எஞ்சியிருந்தாலும் அதற்கு ஆபத்துக் குறைவு. இதைத் தவிர வேறு இரகசியம் கிடையாது. 2023இல் அமெரிக்காவில் பார்வோவுக்கென்றே ஒரு பிறபொருளெதிரி மருந்துக்கு நிபந்தனையுடன் அனுமதி வழங்கப்பட்டது. நோய் வந்த பின்னர் நேரடியாக வைரஸையே தாக்கும் முதல் சிகிச்சை அது. எமது நாட்டின் சாதாரண வீட்டு நாய்களுக்கு இன்னமும் சேலைனும் தடுப்பூசி அட்டையுமே கதி.

2018 ஓகஸ்ட் மாதம், போயா விடுமுறைக்கு மறுநாள், எமது தெருவின் கோடியில் உள்ள பேக்கரிக்கு முன்னால் வாழ்ந்துவந்த நடுத்தர வயதுப் பெண் நாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கருத்தடை செய்யப்பட்டதற்கான சிறு வெட்டு அதன் காதில் இருந்தது. வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்து, ஊசிகளை ஏற்றி, மேலும் மூன்று வாரம் தமது இடத்தில் வைத்திருந்த பின்னரே அனுப்பினார். வளவுக்குள் கால் வைத்ததும் அது நேரே பலாமரத்தடிக்குச் சென்று, வீமனைப் புதைத்த இடத்தை நீண்ட நேரம் முகர்ந்து பார்த்தது. எனது மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன என்பதை நான் மனதுக்குள் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த பத்து நாட்களும் காலையும் மாலையும் நாங்கள் இருவரும் அதன் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் கோப்பை காலியாகவே இருந்தது. பதினோராம் நாள் அது பேக்கரிப் பையனின் சைக்கிள் மணியைக் கேட்டுக் கேற்றடிக்கு ஓடிப்போய்க் குரைத்தது. அதற்குப் பின்னர்தான் எனது மனைவி அதற்கு ஒரு பெயரைத் தேட ஆரம்பித்தாள்.